மதுரை மாநகரும் புலவர் பெயர்களும்

ஒரு தலைநகரின் பெருமக்கள் யாவர் என வினவுமிடத்து, அரசரையும் அமைச்சரையும் படைத்தலைவரையும் முதற்கண் எண்ணுதலே எந்நாட்டார்க்கும் வழக்கு. புலவர் எண்ணப்படினும், அரசவைக்கு அணிசெய்தோர் என்ற அளவிலேயே எண்ணப்படுவர். பாண்டியர் தலைநகராய் விளங்கிய மதுரையின் வரலாற்றிலும் இவ்வழக்கே நெடுங்காலம் ஆட்சி பெற்றது. மதுரைப் புலவர் என்றவுடன் சங்கப் பலகையும், அதன்மீது வீற்றிருந்த நாற்பத்தொன்பதின்மரும், அவரைப் புரந்த வழுதியருமே தமிழ் கற்றோர் உள்ளத்தில் தோன்றுவர். ஆயினும் அந்நகரத்துப் புலவரைப் பற்றி மற்றொரு சான்றும் உண்டு. அது கதையுமன்று, புராணமுமன்று. எட்டுத்தொகைச் செய்யுட்களின் அடியிலே, இதனைப் பாடினார் இன்னார் என எழுதிவைக்கப்பட்ட பெயர்க் குறிப்புக்களே அச்சான்று. இவ்விரு சான்றும் காட்டும் மதுரை ஒன்றன்று. இவற்றுள் எதனைக் கொண்டு அந்நகரின் இலக்கியப் பெருமையை மதிப்பிடுதல் தகும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதற் சான்றாகிய முச்சங்க வரலாற்றை விரித்துரைப்பது இறையனார் அகப்பொருளுரை. எட்டாம் நூற்றாண்டளவில் எழுந்தது என அறிஞர் பலர் கொள்ளும் அவ்வுரை, கடைச்சங்கத்திருந்து தமிழாராய்ந்தார் 49 பேர் என்றும், பாடினார் 449 பேர் என்றும், அச்சங்கம் நிலவிய காலம் 1850 ஆண்டு என்றும், அதனைப் புரந்த பாண்டியர் முடத்திருமாறன் முதலாக உக்கிரப்பெருவழுதி ஈறாக 49 பேர் என்றும் கூறும். அரசர் தொகையும் ஆராய்ந்தார் தொகையும் ஒன்றாயிருத்தலும், பாடினார் தொகை அவ்வெண்ணையே ஈற்றிற் கொண்டு முடிதலும், இவை எண்ணிப் பார்த்துப் பெறப்பட்ட எண்களல்ல என்பதைத் தாமே உணர்த்தும். அவ்வுரை கடைச்சங்கத்தாருட் பெயர் சுட்டிக் கூறுவோர் சிலரே. சிறுமேதாவியார், சேந்தம்பூதனார், அறிவுடையரனார், பெருங்குன்றூர்கிழார், இளந்திருமாறன், மதுரையாசிரியர் நல்லந்துவனார், மருதனிளநாகனார், கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்போர் அவர். இவ்வரிசையில் வாணிகர் என்று குறிக்கப்பட்டார் ஒருவரும் இலர், கொல்லரும் இலர். சேந்தம்பூதனார் உளர், எனினும், தொகைநூல்கள் அவர் பெயரின்முன் வைக்கும் ‘எழுத்தாளன்’ என்னும் அடைமொழி ஈண்டு இல்லை. அவைக்களம் புகும்பொழுது தொழிற்பெயர் வாயிலிலேயே நின்றுவிட்டது போலும்.

அவ்வுரையிலே சுவை மிக்க கதை ஒன்றுண்டு. இறையனார் களவியலுக்குப் புலவர் ஒவ்வொருவரும் ஓர் உரை கண்டு, தத்தம் உரையே சிறந்ததெனச் சாதித்தனராம். நடுவனாக அமர்த்தப்பட்டவன் உப்பூரிகுடிகிழார் மகனாகிய உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவன். பிறர் உரைத்தபோது அவன் வாளாவிருந்தான்; மருதனிளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களிற் கண்ணீர் உகுத்தான்; நக்கீரனார் உரைத்தபோது சொற்றோறும் கண்ணீர் வடித்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். வாய் பேசாமையைத் திறனாய்வாளனுக்குரிய தகுதியாக வைத்த இக்கதையைக் கட்டியவர், புலவர்களின் பூசலைக் கண்டு சலித்தவராதல் வேண்டும். அது நிற்க. இவ்வுருத்திரசன்மன் பெயரே அகநானூற்றைத் தொகுத்தான் பெயராகவும் வழங்குகின்றது. அகநானூறு எத்துணை நுட்பமாகத் தொகுக்கப்பட்டது என்பதை அந்நூல் கற்றோர் அறிவர். ஒற்றைப்பட்ட எண்ணுடையன எல்லாம் பாலை. இரண்டும் எட்டும் பெற்றன குறிஞ்சி. நான்கு பெற்றன முல்லை. ஆறு பெற்றன மருதம். பத்துப் பெற்றன நெய்தல். நானூறு செய்யுளைத் தேடித் தெரிந்து இவ்வாறு நிரல்படுத்திய உழைப்பாளன் ஒருவனை, கதையானது பேசாத பிள்ளையாக்கி, கண்ணீர் சொரிவதொன்றையே அவன் தொழிலாகக் காட்டிவிட்டது. அற்புதத்தைக் கொடுத்து உழைப்பைப் பறித்துக்கொள்ளுதல் இக்கதைகளின் இயல்பு. மதுரைப் புலவர் பிறர்க்கும் இந்நிலை நேர்ந்தமை பின்னர்க் காட்டப்படும்.

இனி, தொகைநூற் குறிப்புக்களை நோக்குவார்க்கு வேறொரு மதுரை காட்சி தரும். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர்; மதுரை அறுவைவாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர்; மதுரைப் பண்டவாணிகன் இளந்தேவனார் பல்பொருள் விற்றவர். மதுரைப் பொன்செய் கொல்லன் வெண்ணாகனார் என ஒருவர். மதுரைக் கள்ளிற் கடையத்தன் வெண்ணாகனார் என மற்றொருவர். மதுரை ஓலைக்கடையத்தார் நல்வெள்ளையார், மதுரை எழுத்தாளன் சேந்தம்பூதனார், மதுரைத் தமிழக் கூத்தன் நாகன்றேவனார், மதுரைக் கணக்காயனார், மதுரைப் பாலாசிரியர் நற்றாமனார், மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார் என இவ்வரிசை நீளும். இவற்றைத் தொடர்ந்து படித்தல் அங்காடித் தெரு ஒன்றினூடே நடந்து செல்வது போன்றது. வெண்ணாகனார் இருவர் இருந்தமையால், ஒருவரைப் பொன்னாலும் மற்றவரைக் கள்ளாலும் பிரித்தறிய வேண்டியதாயிற்று. ஆகவே இவ்வடைமொழிகள் புகழ்ச்சியுமல்ல, இகழ்ச்சியுமல்ல. ஆளை அறிந்துகொள்ளுதற்கு ஊரார் வழங்கிய பெயர்களே எனல் பொருந்தும்.

இக்குறிப்புக்கள் பிற்காலத்துத் தொகுப்போர் எழுதியனவாதலின் நம்பத்தக்கனவல்ல என்று கூறுவார் உளர். அவர் கூற்று முற்றும் தள்ளத்தக்கதன்று. பெயர்கள் ஏடுதோறும் வேறுபடுதலும் உண்டு. செய்யுளின் தொடரையே பாடினார்க்குப் பெயராக்கி இட்டனவும் உண்டு. எனினும் மதுரையைப் பொறுத்தவரை கல்லெழுத்துச் சான்று ஒன்று இக்குறிப்புக்களுக்குத் துணை நிற்கின்றது. மதுரைக்கு அணித்தாய அழகர்மலைக் குகையில், துறவியர்க்குக் கற்படுக்கை முதலியன ஈந்தோர் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டளவினவாக ஐராவதம் மகாதேவன் கணித்த அக்கல்வெட்டுக்களிலே மதுரைப் பொன்கொல்வன் ஒருவனும், உப்பு வாணிகன் ஒருவனும், பாணித வாணிகன் ஒருவனும், கொழு வாணிகன் ஒருவனும், அறுவை வாணிகன் ஒருவனும் காணப்படுகின்றனர். அறுவை வாணிகன் என்னும் தொடர் இளவேட்டனார் பெயரோடு சேர்ந்து வருவதாகவே தமிழ் படித்தோர் அறிந்திருந்தனர். அதுவே கல்லிலும் நிற்கின்றது. கொடை கொடுத்தவன் தன் பெயரைக் கல்லிற் பொறிக்கும்போது தொழிலையும் சேர்த்தே பொறித்தான் என்றால், அத்தொழிலைச் சொல்ல அவன் நாணவில்லை என்பது தெளிவு. எனவே புலவர் பெயரோடு தொழிலைச் சேர்த்தெழுதியது தொகுப்போர் கற்பனையன்று. அந்நகரத்து வழக்கையே அவர் எழுதினர். 2015இல் தொடங்கிய கீழடி அகழாய்விற் கிடைத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் கீறப்பட்டிருத்தலும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. பானைக்குரியவன் பெயரைப் பானையில் எழுதும் அளவிற்கு எழுத்து மக்களிடையே பரவியிருந்தது.

இத்துணைத் தெளிவான பெயர்களையும் பிற்காலத்தார் விட்டுவைக்கவில்லை. சீத்தலை என்பது ஊர்ப்பெயர் எனக் கொள்ளின் இடர்ப்பாடு யாதுமில்லை. ஆயினும், பிறர் செய்யுளிற் குற்றம் காணுந்தோறும் சாத்தனார் எழுத்தாணியால் தம் தலையிற் குத்திக்கொண்டார் என்றும், அதனாற் புண்பட்டுச் சீயொழுகிய தலையினரானார் என்றும் கதை எழுந்தது. தானியக்கடைக்காரர் ஒருவர் கடை நடத்திக்கொண்டே கவிஞராகவும் வாழ்ந்தார் என்பதை ஏற்க மனமில்லாதார்க்கு, சீயொழுகும் தலை எளிதாயிற்றுப் போலும். நக்கீரர் திறத்தும் இவ்வாறே. தொகைநூல்கள் அவரைக் கணக்காயனார் மகனார் என்கின்றன. கணக்காயராவார் எழுத்தும் நூலும் கற்பிக்கும் ஆசிரியர். இறைவனோடு வாதிட்ட கதையின் வழிவந்த பிற்காலத் தனிப்பாடலோ அவரைச் சங்கறுப்பவர் குலத்தில் வைத்தது. சங்கறுத்தல் இழிதொழிலன்று, அதனை மறுப்பதற்கும் இஃது இடமன்று. ஆனால், பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகன் பெரும்புலவரானார் என்னும் செய்தி அக்கதையால் மறைந்தொழிந்தது. 1965இல் வெளிவந்த திருவிளையாடல் திரைப்படத்திற்குப் பின்னர்ப் பொதுமக்கள் அறிந்த நக்கீரர் அக்கதையின் நக்கீரரே. அவர் தந்தையார் பெயரிலும் செய்யுட்கள் உள்ளன என்பதை நினைப்பார் அரியர்.

கணக்காயனார், பாலாசிரியர், இளம்பாலாசிரியர், ஆசிரியர் நல்லந்துவனார் என்னும் இப்பெயர்களே மதுரையின் பெருமையை ஆராய்வார் முதலில் நோக்கவேண்டியவை. பாலாசிரியர் என்பார் சிறார்க்குக் கற்பித்தோர் எனப் பொருள் கூறுவர். இளம்பாலாசிரியர் என ஒருவர் குறிக்கப்படுதலின், அவரின் மூத்த ஆசிரியரும் இருந்திருத்தல் வேண்டும். ஓலைக்கடை ஒன்றிருந்தது, எழுதுதலையே தொழிலாகக் கொண்ட எழுத்தாளர் இருந்தனர். கற்பிப்போரும், எழுதும் ஏடும், எழுதித் தருவோரும் ஓரூரிற் கூடியிருந்தமையாலேயே, துணி விற்பவரும் தானியம் விற்பவரும் திணையும் துறையும் வழுவாது பாடும் புலமை பெற்றனர். அரசன் பொன் கொடுக்கலாம். குறிஞ்சிக்கும் பாலைக்கும் உரிய முதலும் கருவும் உரியும் பொன்னால் வருவனவல்ல. அவை யாரேனும் ஒருவரிடம் அமர்ந்து கற்கவேண்டியவை. தலைநகர் என்னும் தகுதியால் மதுரை தமிழுக்குச் செய்த உதவி யாது என்று கேட்பின், சங்கப் பலகையைக் காட்டுதலினும் ஓலைக்கடையைக் காட்டுதல் சாலும்.

இதனால் அக்காலத்து மதுரையில் உயர்வு தாழ்வு அறவே இல்லை என்றும், கள் விற்றவரும் காவலனும் ஓரிருக்கையில் ஒக்க அமர்ந்தனர் என்றும் முடிவு கட்டுதல் பொருந்தாது. அண்மைக் கால மேடைகளிற் பலர் இவ்வாறு பேசக் கேட்கலாம். பெயர்க் குறிப்புக்கள் யார் பாடினார் என்பதைக் கூறுமேயன்றி, யார் எங்கு அமர்ந்தார் என்பதைக் கூறா. கள்ளிற் கடையத்தன் பாடிய செய்யுள் அரசன் தொகுப்பித்த நூலில் இடம்பெற்றது என்பது மட்டுமே உறுதி. அவ்வுறுதியே போதிய பெருமையுடையது.

புலவரின் தொழிலைக் கண்டவுடன் அத்தொழிலை அவர் பாட்டினுள்ளும் தேடுவது திறனாய்வாளர்க்கு உண்டாகும் மற்றொரு மயக்கம். அகநானூற்று 170ஆம் செய்யுள் கள்ளிற் கடையத்தன் வெண்ணாகனாரது. நெய்தல் நிலத்துத் தலைவி தன் துயரைத் தலைவனிடம் உரைக்க யாருமிலள். கானற்சோலை சொல்லாது, கழி சொல்லாது, புன்னை மரமும் வாய் திறவாது, நண்டே, நீயன்றி எனக்கு வேறு எவருமில்லை என்று கடற்கரை நண்டினிடம் தூதுமொழி கூறுகின்றாள். அச்செய்யுளில், நெய்தல் மலரின் தாதினை உண்ட வண்டு களிப்பு மிக்குப் பறக்கவியலாது தளர்கின்றது. கள்ளுக்கடையில் நாடோறும் கண்ட காட்சியையே புலவர் வண்டின்மேல் ஏற்றினார் என்று கூறத் தோன்றும். கூறின் கேட்போர்க்கும் இனிக்கும். ஆனால் தேனுண்டு மயங்கும் வண்டு தமிழ்ப் புலவர் யாவர்க்கும் பொதுவுடைமை. கடை வைத்திராத புலவர் பலரும் அவ்வண்டினைப் பாடியுள்ளனர். இச்செய்யுளின் உயிர் வண்டிலன்று, நண்டிலே உள்ளது. பேசாதனவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து, எஞ்சிய மிகச் சிறிய உயிர் ஒன்றிடம் ஒரு பெண்ணின் நெஞ்சு அடைக்கலம் புகுவதை இத்துணைச் சில அடிகளில் அமைத்த திறத்திற்கு எக்கடையும் காரணமாகாது.

அறுவைவாணிகன் இளவேட்டனார் திறம் இன்னும் ஊன்றி நோக்கத்தக்கது. பன்னிரு செய்யுட்கள் இவர் பெயரால் வழங்குகின்றன. அவற்றுட் புறநானூற்று 329ஆம் செய்யுள் சில குடிகளே வாழும் சீறூர் ஒன்றைக் காட்டும். வீட்டிலே காய்ச்சிய கள், ஊரருகே நடுகல், அதற்கு நாட்காலையிற் பலியூட்டி நீராட்டி நெய்விளக்கேற்ற, எழுந்த புகை தெருவெங்கும் மணக்கின்றது. மாடமதுரையின் துணி வாணிகர் பாடியது இது. நகரின் நிழலும் இதனுள் விழவில்லை. அகநானூற்று 56ஆம் செய்யுளோ முற்றும் வேறு வகையது. பரத்தையின் மனைக்குச் செல்லப் புறப்பட்ட பாணன் தெருவழியே வருகின்றான். ஈன்றணிமையுடைய பசுவொன்று அவன்மீது பாய்கின்றது. பாணன் கலங்கி, யாழைக் கீழே போட்டுவிட்டு, அடுத்திருந்த மனையினுள் ஓடிப் புகுகின்றான். அது தலைவியின் மனை. எவ்வீட்டிற்கு முகங்கொடுக்க அஞ்சினானோ அவ்வீட்டிற்கே அவன் வந்துவிட்டான். தலைவி உள்ளத்து மகிழ்ச்சியை மறைத்து எதிர்சென்று, இவ்வீடன்று, உம் வீடு அதோ என்று கூற, அவன் அவளையும் தன்னையும் மாறிமாறி நோக்கிக் கைகூப்பி நிற்கின்றான். இதனைத் தோழியிடம் சொல்லிச் சொல்லித் தலைவி நகுகின்றாள்.

மருதத்திணைச் செய்யுட்கள் பலவற்றில் ஊடல் கொண்ட தலைவி அழுவாள், அன்றிச் சினப்பாள். இங்கே அவள் சிரிக்கின்றாள். அச்சிரிப்பின் அடியில் இருப்பது யாது என்பதைப் புலவர் கூறவில்லை. கன்றீன்ற பசு தன் கன்றைக் காக்கப் பாய்ந்தது. தலைவியும் புதல்வனைப் பெற்ற மனையாளே. பசு செய்ததைத் தான் செய்யவியலாத ஒருத்தியின் சிரிப்பு அது என்று கொள்ளின் செய்யுள் மேலும் ஆழம் பெறும். தெருவிலே கடை விரித்திருந்தவர் கண்ணிற்குப் பட்டிருக்கக்கூடிய நிகழ்ச்சி இது என்று ஒருவர் கூறின், கள்ளுக்கடை வண்டினைப் போல இதனை எளிதில் தள்ளிவிடல் இயலாது. ஏனெனில் வண்டு மரபு. யாழைப் போட்டு ஓடிய பாணன் மரபிலே இல்லை. ஆயினும் இதற்கு மேற் செல்லல் ஆகாது. அச்செய்யுளிற் துணியும் இல்லை, விலையும் இல்லை.

ஓலைக்கடையத்தார் நல்வெள்ளையாரின் நற்றிணை 250ஆம் செய்யுள் இதனோடு ஒருங்கு வைத்துக் கற்கத்தக்கது. அங்கே சிரிக்கின்றவன் தலைவன். கிண்கிணி ஒலிக்கத் தெருவிலே சிறுதேர் உருட்டி விளையாடிய புதல்வனைத் தழுவிக்கொண்டு அவன் மனையுட் புக, மனைவி வெருண்ட மான்போல விலகி, நீ யாரோ என்று வினவி நிற்கின்றாள். அதனைப் பாணனிடம் சொல்லி, வா, நகுவோம் என்கின்றான் தலைவன். இளவேட்டனார் பாட்டில் மனைவியின் நகை. இவர் பாட்டிற் கணவனின் நகை. இருவரும் ஒரே நகரத்தவர். ஒருவர் பாட்டை மற்றவர் கேட்டிருந்தனரோ என்னும் எண்ணம் எழுகின்றது. அதற்கு விடை கூறச் சான்றில்லை. எனினும் இவ்விரண்டில் ஆழமுடையது இளவேட்டனார் பாட்டே என்பதில் ஐயமில்லை. தலைவனுக்குத் தன் தவறு நகைப்பிற்குரியதாயிற்று. தலைவிக்கு அது நகைத்துத் தீரவேண்டியதாயிற்று.

மதுரையின் அங்காடியைப் பாடியவர் எவர் எனின், அவர் மதுரையினர் அல்லர். மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன்மீது பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளையுடையது. பகலங்காடியும் அல்லங்காடியும், சங்கறுத்து வளை கடைவோரும், மணி துளையிடுவோரும், பொன்னிழை புனைவோரும், பொன்னுரைத்துப் பார்ப்போரும், துணி விற்போரும், செம்பு நிறுத்து வாங்குவோரும் ஆங்கே கூட்டங்கூட்டமாக வந்து செல்வர். அக்கூட்டத்தில் ஒருவர்க்கும் பெயரில்லை. நெடுஞ்செழியன் புறநானூற்று 72ஆம் செய்யுளில் வஞ்சினம் கூறும்போது, மாங்குடி மருதனைத் தலைவனாக உடைய புலவர் என் நாட்டைப் பாடாதொழிக என்றான். அவன் போற்றிய புலவர் குழாத்திற்குத் தலைவர் தலைநகரத்தவரல்லர், மாங்குடியினர் என்பது மறக்கற்பாலதன்று. ஊரிலிருந்து வந்தவர் நகரத்தை வியந்து பாடினார். நகரத்திலே துணியும் பொன்னும் விற்றவர்கள் காடும் மலையும் கழியும் பாடினர். கூலவாணிகன் சாத்தனாரின் குறுந்தொகை 154ஆம் செய்யுளில், பாம்புரி நிமிர்ந்தாற்போல வெயில் அலைகின்ற நண்பகலில், இரை தேடிச் சென்ற சேவலை நினைந்து பெடைப்புறா ஒன்று கள்ளிக்கிளையில் அமர்ந்து தனித்துக் கூவுகின்றது. நகரத்துத் தானியக்கடையில் அப்பறவைக்கு இடமில்லை. திணைமரபின் ஆற்றல் அத்தகையது என்று இதற்கு விடை கூறுவர். விடை சரியே, ஆயினும் முழுவிடையன்று. வாணிகம் செய்வோர் சுரம் கடந்து செல்வோர். பிரிவு அவர்க்கு ஏட்டிற் கண்ட துறை மட்டுமன்று. பாலைப் பாட்டில் தொழிலின் பெயர் வாராதொழியினும், தொழிலால் வந்த பிரிவு வந்திருக்கலாம்.

பேராசிரியர் க. கைலாசபதி தமிழ் வீரநிலைப் பாடல்களைப் பற்றி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு, இச்செய்யுட்களை வாய்மொழிப் பாடல் மரபில் வைத்து விளக்கியது. பாணர் வழிவந்த தொடர்களும் அமைப்புக்களும் இவற்றுட் செறிந்துள்ளன என்பதை அவ்வாய்வு நன்கு காட்டியது. புறப்பாடல்கள் பலவற்றிற்கு அது பொருந்தும். மதுரைப் பெயர்கள் அக்கொள்கைக்கு ஓரளவு இடர் விளைக்கின்றன. எழுத்தாளன் என்றும் ஓலைக்கடையத்தார் என்றும் பாலாசிரியர் என்றும் பெயர் பெற்றோரைப் பரிசிலுக்குப் பாடித்திரிந்த பாணர் மரபில் அடக்குதல் எளிதன்று. பாணர் மரபினின்று பிறந்த பாட்டு, நகரத்திலே பள்ளியும் ஏடும் கண்டவர் கைக்கு மாறிய நிலையையே இப்பெயர்கள் காட்டுகின்றன எனக் கொள்ளலாம். இதனை ஆராய்தற்கு வழி வகுத்தது 1940இல் எஸ். வையாபுரிப்பிள்ளையைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சைவ சித்தாந்த மகாசமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பு. அப்பதிப்பு செய்யுட்களை நூல்வாரியாகவன்றிப் புலவர்வாரியாக நிரல்படுத்தியது. இளவேட்டனாரின் சீறூரும் அவர் பாணனும் அடுத்தடுத்து நின்று, இவ்விரண்டும் ஒருவர் பாடியன என்பதைப் படிப்போர் உணர்ந்தது அதன் பின்னரே.

இவ்வரிசையில் இலங்கைத் தமிழர் தனி அன்பு பாராட்டும் பெயர் ஒன்றுளது. அது மதுரை ஈழத்துப் பூதன்றேவனார் என்பது. ஈழத்து இலக்கிய வரலாறு எழுதுவோர் யாவரும் இவரிடமிருந்தே தொடங்குவர். அகநானூற்றில் மூன்று, குறுந்தொகையில் மூன்று, நற்றிணையில் ஒன்று என இவர் செய்யுட்கள் ஏழு. ஈழம் என்பதற்குக் கள் என்னும் பொருளும் உண்டாதலின் இவர் இந்நாட்டினர் என்பதை ஐயுறுவாரும் உளர். மதுரைக்கு அருகிலுள்ள திருப்பரங்குன்றத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு எருகாட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் போலாலையன் என்பானைக் குறிக்கின்றது. எருக்காட்டூர் என்னும் ஊர்ப்பெயர் தாயங்கண்ணனார் என்னும் சங்கப் புலவர் பெயரிலும் உண்டு. ஈழத்தவர் எனப்பட்டோர் பாண்டிநாட்டிற் குடியேறி வாழ்ந்தனர் என்பதற்கு இக்கல்வெட்டைச் சான்றாகக் கொள்வர். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் ஈழத்து உணவு வந்திறங்கியதைக் கூறுதலின், பொருள் வந்த வழியில் ஆளும் வருதல் வியப்பன்று.

ஆனால் பூதன்றேவனார் பாடல்களுள் ஈழத்தைத் தேடுவோர் வெறுங்கையராய் மீள்வர். கடல் கடந்து வந்தவர் என்று கருதப்படும் இவர் பாடியவற்றுள் நெய்தற்றிணைச் செய்யுள் ஒன்றேனும் இல்லை. அகநானூற்று 231ஆம் செய்யுளில் வருவன பாண்டியனும் அவனது கூடலும். அகநானூறு 88இல், முற்றிய தினைக்கதிரை உண்ண வந்த காட்டுப்பன்றி, பல்லி சொல்லும் நிமித்தத்தைக் கேட்டுப் பார்த்தே அடியெடுத்து வைக்கின்றது. குறுந்தொகை 189இல், மலையினின்று இழியும் அருவிபோல வெண்டேர் விரைய, அதன் உருளை விண்ணிலிருந்து வீழும் கொள்ளிபோலப் பசும்பயிரை அறுத்துச் செல்கின்றது. நற்றிணை 366இல், அறிவு முதிர்ந்த குருவி முயன்று கட்டிய கூடு மூங்கிற்கழையில் ஊசலாடுமாறு வாடை வீசும்போது, மனைவியைப் பிரிவார் அறிவிலர் என்கின்றான் தலைவன். இவை எல்லாம் மதுரையிற் கற்றுப் பெற்ற தமிழ் மரபின் செல்வங்கள். இவரை ஈழத்து இலக்கியத்தின் முதல்வர் என்று போற்றுவது நாட்டுப்பற்றின் உரிமை. அதனை எவரும் தடுத்தல் இயலாது. ஆனால் அவ்வுரிமையை நாட்டுதற்காக அவர் பாட்டின் தினைப்புனத்தை இலங்கை மலைநாட்டிலும், யானையை வன்னிக்காட்டிலும் வைத்துக் காண முயல்வது, கள்ளுக்கடை வண்டினைத் தேடிய பிழையே.

பெயரின் அமைப்பே போதிய விடை தருகின்றது. ‘மதுரை’ முன்னும் ‘ஈழத்து’ பின்னுமாக இரண்டு ஊர்ச்சொற்கள் அதில் நிற்கின்றன. மதுரை என்னும் சொல் இல்லாது ஈழத்துப் பூதன்றேவனார் எனவே வரும் இடமும் உண்டு. நகரம் இவரைத் தன் புலவருள் ஒருவராக ஏற்றது. ஏற்றபின்னும் வந்த ஊரைப் பெயரினின்று நீக்கவில்லை. அறுவை வாணிகரை அறுவை வாணிகராகவும், கொல்லரைக் கொல்லராகவும், பிறநாட்டவரைப் பிறநாட்டவராகவும் எழுதிக்கொண்டு எல்லாரையும் மதுரை என்னும் ஒரு சொல்லின்கீழ் வைத்தது. அவருடைய அகநானூற்று 307ஆம் செய்யுளின் இறுதியில், தலைவன் கடந்து செல்லக் கருதும் மலைவழியிலே பாழ்பட்ட இடமொன்று உள்ளது. அங்கே தெய்வம் நீங்கிப்போன கரிய தூண் நிற்கின்றது. தெய்வம் நீங்கியும், நெடுநாள் உடனுறைந்த பழமையால் அத்தூணை விட்டகல மனமின்றி, ஆண்புறா தன் பெடையோடு அங்கேயே இருந்து கூவுகின்றது.